கவாசே மாஸ்டரின் தரை

கவாசே மாஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் தோஹா தொழிற்பேட்டையில் ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நேபாளி என் ஃபோனை எடுத்து, துபாயிலிருந்து சாகுல் பாய் அனுப்பியிருந்த குரல்பதிவை அழுத்திக் காதோரம் பிடித்தான். "தம்பி, நம்ம மாஸ்டர் மவுத்தாயிட்டாக. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாக, திரும்பி வரல." நேபாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் ஸ்பேனரைக் கீழே வைத்ததைப் பார்த்துவிட்டு அவனாகவே இன்னொரு தடவை அழுத்தினான்.

எரியூட்டலுக்குப் போக லீவு கேட்டேன். "அவர் உனக்கு என்ன உறவு?" என்றார் ஃபோர்மேன். அதற்குச் சரியான சொல் எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் வரவில்லை. மறுபடியும் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழிந்து வருஷாந்திர லீவு வந்தது. ஊருக்குப் போவதாக இருந்தேன். அதற்குள் சாகுல் பாய் மறுபடி பேசினார். ஜப்பானியர் கணக்கில் நாற்பத்தொன்பதாம் நாள்தான் பெரிய நாளாம். மாஸ்டரின் மகள் யோகோ அஸ்தியை வைத்துக்கொண்டு துபாயில் இருக்கிறார். அந்த நாளில், நாங்கள் கராத்தே பழகிய அல் கூஸ் ஷெட்டில் கடைசியாக ஒரு பயிற்சி. அது முடிந்ததும் அஸ்தியோடு விமானம் ஏறுகிறார். ஷெட்டை உரிமையாளர் கோடவுனுக்காகத் திரும்பக் கேட்டுவிட்டார்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போது, செல்வம் வந்தானா, செல்வம் வந்தானான்னு கேட்டாக தம்பி. அவன் என் ஃபோன எடுக்க மாட்டேங்குறான். ஓமன்ல, சலாலாவுல பழக்கடை போட்டுருக்கான். நீதான் போய்க் கூட்டிட்டு வரணும். மத்தவனுக்கெல்லாம் டூட்டி இருக்கு."

ஊரைத் தள்ளிவைத்தேன். எதையாவது தள்ளிவைக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். எட்டாம் வகுப்போடு படிப்பைத் தள்ளிவைத்தவன்தானே. விசா எடுத்த கதை தனி. அதை விடுகிறேன்.

துபாயில் இறங்கிய அன்று நாற்பதாம் நாள். சாகுல் பாய்க்குக் கீழக்கரை. டேராவில் பெட்டியும் போர்வையும் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டில் நெய்ச்சோற்று மணம் படிக்கட்டு வரை வந்து நின்றது.

"ஜப்பான்காரருக்கு நாப்பது உண்டா பாய்?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு நாப்பத்தொம்பது. உங்க ஆளுக வடை பாயசத்தோட பதினாறு செஞ்சிட்டாங்க. நான் நாப்பது செய்யிறேன். மனுசன் எந்த வழியாப் போனாலும் அங்க சோறு இருக்கணும்ல?" என்றார். பிறகு தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

யோகோ உள்ளே பாயின் மனைவியோடு உட்கார்ந்து கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான நரைமுடி, அப்பாவின் அதே அகலமான நெற்றி. அப்பாவுக்கு அந்த நெற்றி பிடரி வரை போகும். தலையில் ஒரு முடி கிடையாது. என்னை அறிமுகம் செய்ததும் கை கழுவிவிட்டு வந்து குனிந்து வணங்கினார். அவர் இங்கிலீஷில் கேட்டதைப் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். "உங்கள் வரிசை எது?"

அந்தக் கேள்வி எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் புரியும். அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கவாசே மாஸ்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்க இந்தப் பக்கம் வந்தவர். வேலை முடிந்தும் போகவில்லை. அல் கூஸில் ஒரு ஷெட்டைப் பிடித்துக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். பக்கத்து ஷெட்டில் மார்பிள் அறுப்பார்கள். மைதா மாவு போன்ற வெள்ளைத் தூசி சுவர் இடுக்கு வழியாக வந்து எங்கள் பலகைத் தரையில் படிந்துகொண்டே இருக்கும். பயிற்சிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு ஈரத்துணி. குனிந்து, இரண்டு கையாலும் துணியை அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பலகைகளில் ஒரு வரிசை உண்டு. அடுத்தவன் வரிசையை நாம் துடைக்கக் கூடாது. மாஸ்டருக்கும் ஒரு வரிசை உண்டு.

என்னை அங்கே கூட்டிப்போனவன் செல்வம். துபாய் லேபர் கேம்ப்பில் எனக்குக் கீழ்க்கட்டில்காரன், அறந்தாங்கிப் பக்கம். எங்கள் ரூமில் ஏசி செத்துப்போயிருந்த கோடை அது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவோம். விழிக்கும்போது துண்டு அப்பளமாகியிருக்கும். "மாப்ள, ஒரு எடத்துல நல்ல ஏசி இருக்கு. கொஞ்சம் காலத் தூக்கி ஒதைக்கணும், அவ்வளவுதான்" என்றான். போனேன். பயிற்சி ஆரம்பித்ததும் மாஸ்டர் செய்த முதல் காரியம் ஏசியை அணைத்தது. இருந்தும் தொடர்ந்து போனேன். நான் கடைசி வரை சுமாரான மாணவன். செல்வம் அப்படியில்லை. அவன் நின்றால் பலகையில் ஆணி அடித்தது போல் இருக்கும்.

செல்வத்துக்கு டூட்டி பர்துபாயில் ஒரு பெரிய கட்டடத்தில் கிளீனர் வேலை. ஒருநாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தான். "மாஸ்டர், காலையில இருந்து தரை தொடச்சிட்டுத்தான் வர்றேன். இங்க வந்தும் அதே துணியா? இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க" என்று இந்தியில் கேட்டான். மாஸ்டர் தன்னுடைய ஒட்டுப்போட்ட இந்தியில், "சப் கரேகா" என்றார். எல்லோரும் செய்யத்தான் வேண்டும். செல்வம் ஈரத்துணியைத் தரையில் அடித்தான். அது சறுக்கிக்கொண்டு போய் மாஸ்டரின் பாதத்தில் மோதி நின்றது. அவன் செருப்பைக் கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். மாஸ்டர் கூப்பிடவில்லை. அந்த மாதமே செல்வம் ஓமன் பக்கம் போனான், நான் தோஹாவுக்குப் போனேன்.

மறுநாள் பாய் என்னை அல் கூஸுக்குக் கூட்டிப்போனார். டாக்சி ஓட்டிய பெஷாவர்க்காரருக்குச் சந்து பிடிபடவில்லை. "முன்னே இங்கே டயரும் இரும்பும்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வருவேன். இப்போது காபிக்கடையும் படக்கண்காட்சியும் வைத்திருக்கிறார்கள், கண்ணைத் திறந்தாலும் தெரியவில்லை" என்று அலுத்துக்கொண்டார். மூன்று சுற்றுச் சுற்றிய பின், மார்பிள் அறுக்கிற சத்தம்தான் வழி காட்டியது.

ஷெட்டைத் திறந்தால் தரை முழுவதும் வெள்ளை. மாஸ்டர் போனதிலிருந்து யாரும் துடைக்கவில்லை. பாய் வாசலிலேயே நின்றுகொண்டு, நடுவில் ஒரு இடத்தைக் காட்டினார்.

"அது செல்வம் வரிசை. அவன் போனதுக்கப்புறம் புதுசா எத்தனையோ பேரு வந்தாங்க. ஒருத்தனுக்கும் அத மாஸ்டர் குடுக்கல. அவுக வரிசைய முடிச்சிட்டு, துணிய அலசிட்டு வந்து, அதையும் அவுகளே தொடைப்பாக. போன வருசம் முட்டி வலிக்குதுன்னு எந்திரிக்கவே சிரமப்பட்டாக. நான் தொடைக்கிறேன்னு போனேன். உன் வரிசை அங்க இருக்குன்னுட்டாக."

அதை நான் செல்வத்திடம் சொன்னால் போதும், வந்துவிடுவான் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நான் நினைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சலாலா பஸ் பாலைவனத்தின் வழியே போகிறது. பகலும் போகிறது, இரவும் போகிறது, வெளியே மட்டும் ஒன்றும் மாறுவதில்லை. தோஹாவிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்தும் அதே மணல்தானா என்று இருந்தது. வழியில் ஒரு கடையில் பரோட்டாவுக்குள் சீஸ் தடவி, அதன்மேல் உருளைக்கிழங்குச் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டிக் கொடுத்தார்கள். மதுரைக்காரன் பார்த்தால் பரோட்டாவுக்கு இப்படி ஒரு கதியா என்று கேட்பான். எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று வாங்கினேன்.

பக்கத்து இருக்கையில் ஓமானிப் பெரியவர் ஒருவர். எங்கே போகிறாய் என்று அரபியில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில், ஆசிரியர் இறந்துவிட்டார், அவருடைய ஆளைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். என்ன சொல்லிக்கொடுத்தார் என்றார். கராத்தே என்று சொல்லக் கையை ஓங்கிக் காட்டினேன். பஸ்ஸில் இடமில்லாததால் முன்சீட்டில் தூங்கியவர் தலையில் பட்டது. அவர் எழுந்து இரண்டு பேரையும் முறைத்தார். பெரியவர் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார்.

காலையில் மலை இறங்கும்போது திடீரென்று மூடுபனி. கரீஃப் என்று சொல்லும் சாரல் காலம். முந்தின நாள் முழுக்கக் கானல் தெரிந்த பஸ் கண்ணாடிமேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. டிரைவர் வைப்பரைப் போட்டார். ஒரு வருஷமாக மழையைப் பார்க்காமல் வெந்துபோயிருந்த ரப்பர், ஒரே வீச்சில் பிய்ந்து பறந்துவிட்டது. பஸ்ஸை ஓரம் கட்டினார். "துணி யாரிடம் இருக்கிறது? யல்லா, கிளம்புங்கள்!" நானும் ஒரு பெங்காலியும் துண்டோடு இறங்கினோம். ஊர் வந்து சேரும் வரை, கொஞ்ச தூரம் போவதும், நிறுத்துவதும், நாங்கள் பம்பரில் ஏறிக் கண்ணாடியைத் துடைப்பதுமாக இருந்தது. "நீ நன்றாகத் துடைக்கிறாய், கோடு விழவில்லை" என்றார் டிரைவர். எங்கே கற்றேன் என்று நான் சொல்லவில்லை.

சலாலாவில் கடற்கரைச் சாலையோரம் முழுக்கப் பழக்கடைகள். வாழைத்தார், பப்பாளி, இளநீர்க் குலை. தூறலில் நனைவதற்கென்றே வளைகுடா முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்களில் வந்திருந்தார்கள். நம் ஊரில் மழை வந்தால் ஓடி ஒதுங்குவோம். இங்கே கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறார்கள். செல்வத்தை நான் முதுகை வைத்தே கண்டுபிடித்தேன். இளநீர் சீவிக்கொண்டிருந்தான். தொந்தி வைத்திருந்தது, முடி நரைத்திருந்தது. நிற்கிற கால் மட்டும் பழைய கால். ஆணி அடித்த கால்.

"டேய்! நீ எங்கடா இங்க?" என்று கட்டிப்பிடித்தான். அடுத்த நிமிஷமே கையை எடுத்துவிட்டான். "பாய் அனுப்புனாரா?"

"மாஸ்டர் அனுப்புனாரு."

அவன் அடுத்த இளநீரை எடுத்துச் சீவினான். தேவைக்கு மேல் ஒரு வெட்டு விழுந்து தண்ணீர் கையெல்லாம் வழிந்தது.

கடையில் கூட்டம் குறையும் வரை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பப்பாளி தின்றேன். மதியம் கரியில் சுட்ட இறைச்சிக்குச்சி வாங்கி வந்தான். தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டது, கடைசிப் பயிற்சி, அப்புறம் அந்த வரிசை.

"பொய் சொல்லாத. பாய் சொல்லிக்குடுத்து விட்டாரு."

"நான் எதுக்குடா பொய் சொல்லணும்?"

"அவரு என் வரிசையத் தொடைச்சாரா? அவ்வளவு மனசு இருந்த மனுசன் அன்னிக்கு ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம்ல? ஏன்டா செருப்பக் கைல எடுத்துக்கிட்டுப் போறேன்னு? திட்டியிருந்தாக்கூட அடுத்த வாரம் போயிருப்பேன் மாப்ள. திட்டவும் இல்ல."

"அவருக்கு அந்த இந்திய வச்சிக்கிட்டு என்ன திட்ட முடியும்?"

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எலும்பில்லாத இறைச்சியை வெகுநேரம் மென்றான்.

"காரியமெல்லாம் யாரு பண்ணுனா?"

"மகதான். ஒரே மக."

"ஆம்பளப் புள்ள கெடையாதுல்ல." அது கேள்வியா பதிலா என்று தெரியவில்லை. எழுந்து கத்தியைக் கழுவப் போய்விட்டான்.

அன்று அவன் ரூமில் மீன்குழம்பு வைத்தான். தேங்காயை அரைத்து ஊற்றிக் குழம்பு கெட்டியாக இருந்தது. மாஸ்டரைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பேசினோம். மறுநாள் பஸ்ஸுக்கு வந்து ஒரு வாழைத்தாரை என் மடியில் வைத்தான். "அந்த அம்மாகிட்ட குடு. நான் வரல. ஃபோன் பண்ணாத, மாப்ள. கலாஸ், முடிஞ்சு போச்சு."

அந்தத் தாரும் போய்ச் சேரவில்லை. எல்லையில் பழத்தை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். தூக்கிப்போட மனமில்லாமல் பஸ்ஸில் இருந்த எல்லோரும் வரிசையில் நின்றபடியே தின்று தீர்த்தோம். முத்திரை குத்துகிற அதிகாரிக்கும் ஒரு சீப்பு நீட்டினேன். சட்டம் சட்டம்தான் என்பது போல் மறுத்துத் தலையாட்டினார்.

"எங்க அவன்?" என்றார் பாய், என் பின்னால் எட்டிப் பார்த்து.

"மாஃபி" என்றேன். இல்லை என்பதற்கு வளைகுடாவில் எல்லோருக்கும் புரிகிற சொல் அதுதான். யோகோவிடம் பாயே போய்ச் சொன்னார். யோகோ தலையசைத்துவிட்டு, பயணப்பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார் என்று பாயின் மனைவி சொன்னார்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஷெட்டில் பழைய ஆட்கள் நிறையப் பேர் கூடினோம். சைட்டிலிருந்து நேராக வந்தவர்கள், டாக்சியை வெளியே நிறுத்திவிட்டு வந்தவர்கள். பலருக்கு வெள்ளை உடுப்பு வயிற்றில் சேரவில்லை; கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்சுவரில் மாஸ்டரின் படம், கீழே வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப்பெட்டி. நம் ஆட்கள் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டுத் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. பக்கத்து மார்பிள்காரர்கள் தீயணைப்புச் சிலிண்டரோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லி, வந்ததற்கு ஆளுக்கொரு வடை கொடுத்து அனுப்புவதற்குள் கற்பூரமே அணைந்துவிட்டது. யோகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அஸ்திப்பெட்டியிடம் ஜப்பானிய மொழியில் என்னவோ சொன்னார்.

பிறகு வாளிகளில் தண்ணீர் பிடித்தோம். துணியைப் பிழிந்தோம். குனிந்தோம். சாகுல் பாய், "யல்லா" என்றார்.

ஓடினோம். மூச்சு வாங்கியது, ஒருவர் பாதியில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டுத் திட்டிக்கொண்டே மறுபடி எழுந்தார். எங்களுக்குப் பின்னால் பலகையின் பழுப்பு நிறம் பட்டை பட்டையாக வெளியே வந்தது. போகவர ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் முழுத் தரையும் பளபளவென்றிருக்கிறது. இரண்டு பட்டை மட்டும் வெள்ளை. ஒன்று மாஸ்டருடையது. இன்னொன்று நடுவில். யாரும் அதைப் பார்க்காதது போல் துணியை அலசிக்கொண்டிருந்தோம்.

யோகோ காலுறையைக் கழற்றினார். அப்பாவின் வரிசையில் குனிந்து, அச்சு அசலாக அவரைப் போலவே ஓடித் துடைத்தார். துணியை அலசிக்கொண்டு நடு வரிசைக்கு வந்தார்.

அப்போது வாசலில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. இரண்டு கையிலும் செருப்பு. மொட்டை புதியது; காதுக்குமேல் பிளேடு பட்ட கீறல் இருந்தது. எனக்கே ஆளை அடையாளம் காண ஒரு நிமிஷம் ஆனது. ஆணி அடித்தது போன்ற அந்தக் கால்தான் காட்டிக்கொடுத்தது.

"செல்வம்" என்றார் பாய், மெல்ல.

யோகோ துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவன் தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். பாய் எங்களுக்குச் சொன்னார். "அவுக ஊருல பெரிய தப்புச் செஞ்சவுகதான் தலைய மழிச்சிட்டு வந்து நிப்பாகளாம். நீ என்ன தப்புச் செஞ்சேன்னு கேக்குறாக. உன்ன இப்படி நிக்க வச்சது யாருன்னு கேக்குறாக."

செல்வம் பதறிவிட்டான். "ஐயோ, தப்புக்கு இல்ல பாய். சொல்லுங்க அவங்ககிட்ட. அப்பன் செத்தா எங்க ஊர்ல மொட்ட போடுறது. மாஸ்டருக்குத்தான் ஆம்பளப் புள்ள இல்லையே. யாராவது ஒருத்தன் போடணும்ல, அதான்."

பாய் இங்கிலீஷில் அதை ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். யோகோ முழுவதையும் கேட்டார். பிறகு இடுப்பு வரை குனிந்து அவனை வணங்கினார். நிமிரும்போது கண் நிறைந்திருந்தது, ஆனால் சொன்னது வேறு.

"தப்புக்காக என்றால் அப்பாதான் மழித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று உங்களைக் கூப்பிடாமல் விட்டது தன் தப்பு என்று ஃபோனில் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் பாவம், அவர் தலையில் மழிக்க என்ன இருந்தது?"

பாய் தமிழில் சொல்லி முடித்ததும் ஷெட்டே சிரித்தது. செல்வமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முழங்கையால் முகத்தைத் துடைத்தான். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். யோகோ நடு வரிசையில் குனியப் போனார்.

"அம்மா, இருங்க. அது என் வரிசை" என்று கையை நீட்டினான். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் துணியைக் கொடுத்துவிட்டார்.

செல்வம் துணியை மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, ஓடினான். தொந்தியோடுதான் ஓடினான்; ஆனாலும் எங்கள் யாரையும் விட நேராக ஓடினான். அந்தக் கோடியில் போய் நின்று, துணியைத் திருப்பிப் பார்த்தான். துணி முழுக்க வெள்ளைச் சேறு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"இவ்வளவு தூசியா, மாப்ள?" என்றான். "இத அந்த முட்டிய வச்சிக்கிட்டு, வாராவாரம் தொடச்சிருக்காரு."

வாளிக்குப் போய்த் துணியை அலசிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தான்.